குப்பையாகிப் போன எக்லிப்ஸ் ஒர்க்ஸ்பேஸை ஒழுங்குபடுத்துவது எப்படி?

புதிதாக ஒரு ஜாவா டீமில் சேர்பவர்களுக்குப் பல இடங்களில் முதல் வாரம் இப்படித்தான் தொடங்குகிறது. வேலையை விட்டுப் போனவருடைய ஒர்க்ஸ்பேஸ் ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். ஜாவா நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸில் திறந்தால், ப்ராஜெக்ட்டுகளைக் காட்டும் பலகமான பேக்கேஜ் எக்ஸ்ப்ளோரரில் ஐம்பது அறுபது ப்ராஜெக்ட். பாதிக்கு மேல் சிவப்புக் குறி. 'பில்லிங்', 'பில்லிங்_பழசு', 'பில்லிங்_ஃபைனல்2' என்று மூன்று இருக்கும். எது உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், "எதையும் தொடாதீங்க, ஓடிக்கிட்டிருக்கு" என்று பதில் வரும்.

தொடத்தான் வேண்டும். எந்த வரிசையில் தொடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஒர்க்ஸ்பேஸ் என்பது குடோன் அல்ல, குடோனின் பேரேடு. எந்தெந்த ப்ராஜெக்ட் எங்கே இருக்கிறது, எந்த ஜேடிகே (ஜாவா கம்பைலரும் கருவிகளும் அடங்கிய தொகுப்பு), என்ன செட்டிங்ஸ், எந்த சர்வர் என்ற கணக்கெல்லாம் ஒர்க்ஸ்பேஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் '.மெட்டாடேட்டா' என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கிறது. சோர்ஸ் ஃபைல்கள் அதே ஃபோல்டரிலும் இருக்கலாம், டிஸ்க்கில் வேறு எங்கேயும் இருக்கலாம். எக்லிப்ஸ் திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பெரும்பாலான விபத்துகள் இந்த ஒரு குழப்பத்தில்தான் பிறக்கின்றன.

ஜாவா, மேவன் (பில்ட் கருவி), டாம்கேட் (ஜாவா வெப் சர்வர்) வைத்து வேலை பார்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. மெனு பெயர்கள் சமீபத்திய பதிப்புகளை ஒட்டியவை. 'வியூ மெனு' என்று வரும் இடங்களில், அந்தந்தப் பலகத்தின் வலது மேல் மூலையில் பாருங்கள்: புதிய பதிப்பில் மூன்று புள்ளி, பழையதில் கவிழ்த்த முக்கோணம்.

தொடங்கும் முன்: நேரம், இடம், செலவு

எக்லிப்ஸ் இலவசம், இதில் சொல்லும் எதற்கும் கட்டணப் ப்ளகின் வேண்டியதில்லை. செலவு முழுக்க நேரம்தான். அறுபது ப்ராஜெக்ட் கொண்ட ஒர்க்ஸ்பேஸுக்கு ஒரு முழு வேலை நாளை ஒதுக்குங்கள். பட்டியல் போடவும், வெர்ஷன் கன்ட்ரோல் கருவியான கிட்டில் இன்னும் பதிவாகாததை, அதாவது கமிட் ஆகாததைக் காப்பாற்றவும் அதில் பாதி போய்விடும். க்ளோஸ் செய்வதும் குழு பிரிப்பதும் ஒரு மணி நேர வேலை. புது ஒர்க்ஸ்பேஸ் போடப்போகிறீர்கள் என்றால் மேவன் ஜார்களை (லைப்ரரி ஃபைல்களை) இறக்கும் நேரம் தனி. விபிஎன் வழியாக இறக்கினால் அது எவ்வளவு இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை மதிய உணவு நேரத்துக்குத் தள்ளுங்கள்.

ரிலீஸ் வாரத்தில் தொடங்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் வேலை மெர்ஜ் ஆன மறுநாள் நல்ல நாள்.

ஆன்டிவைரஸ் விலக்கு, டிஸ்க் இடம், நெட்வொர்க் டிரைவ் அனுமதி ஆகியவற்றுக்கு ஐடி டீமுக்கு டிக்கெட் போட வேண்டியிருந்தால் இரண்டு மூன்று நாள் முன்பே போட்டுவிடுங்கள். வேலை நடுவில் போட்டால் அதுவே உங்களை நிறுத்திவிடும்.

1. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

எக்லிப்ஸை மூடிவிட்டு '.மெட்டாடேட்டா' ஃபோல்டரை முழுதாக வேறிடத்தில் நகல் எடுங்கள். மூடாமல் எடுத்த நகல் பாதி எழுதிய நிலையில் இருக்கும்; நம்ப முடியாது. சில ஜிபி போகலாம், பரவாயில்லை.

பிறகு எக்லிப்ஸைத் திறந்து இவற்றைத் தனித்தனியாக எடுங்கள்:

ப்ரிஃபரன்ஸ் ஃபைல்: ஃபைல் > எக்ஸ்போர்ட் > ஜெனரல் > ப்ரிஃபரன்சஸ். 'இபிஎஃப்' என்ற நீட்சியுடன் ஒரு ஃபைல் வரும். அதில் ஜேடிகே பாதை போன்ற, அந்த லேப்டாப்புக்கே உரிய விவரங்களும் இருக்கும். எனவே அதைத் திறந்து பார்க்காமல் டீம் குரூப்பில் போடாதீர்கள்.

கோட் ஃபார்மேட்டர்: ப்ரிஃபரன்சஸ் ஜன்னலில் (பின்னால் வரும் 'ஜெனரல்', 'ஜாவா', 'மேவன்' பக்கங்களும் இதில்தான்) ஜாவா > கோட் ஸ்டைல் > ஃபார்மேட்டர் பக்கத்தில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் எக்ஸ்எம்எல் ஃபைலாக வரும். இது இல்லாமல் புது ஒர்க்ஸ்பேஸில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப் அடித்தால் ஃபைல் முழுக்க இடைவெளி மாறி, இரண்டு வரி மாற்றத்துக்கு நானூறு வரி டிஃப் வரும். ரிவ்யூ செய்பவர் உங்களை மறக்க மாட்டார்.

ரன் கான்ஃபிகரேஷன்கள்: ஏதாவது ஒரு வினோதமான விஎம் ஆர்க்யூமென்ட் (ஜாவாவைத் தொடங்கும்போது கொடுக்கும் அமைப்பு) கொடுத்தால்தான் ஓடும் ப்ராஜெக்ட் ஒன்று எல்லா டீமிலும் இருக்கும். அந்த விவரம் எந்த ஆவணத்திலும் இருக்காது, '.மெட்டாடேட்டா'வுக்குள் மட்டும்தான் இருக்கும். ரன் > ரன் கான்ஃபிகரேஷன்ஸ் திறந்து, தேவையானவற்றில் 'காமன்' டேப்பில் 'ஷேர்டு ஃபைல்' தேர்ந்தெடுத்து ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே சேமியுங்கள். அதன்பின் அது கிட்டில் கமிட் செய்யக்கூடிய சாதாரண ஃபைல். பாஸ்வேர்டு எதுவும் ஆர்க்யூமென்ட்டில் இல்லையே என்று பார்த்துக்கொண்டு கமிட் செய்யுங்கள்.

'சர்வர்ஸ்' என்ற ப்ராஜெக்ட்: இதற்குள் டாம்கேட்டின் சர்வர்.எக்ஸ்எம்எல், கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல் இருக்கும். யாராவது டேட்டாசோர்ஸை (டேட்டாபேஸ் இணைப்பு விவரத்தை) இங்கேதான் கையால் எழுதி வைத்திருப்பார்கள். நகல் எடுங்கள்.

ஹோம் ஃபோல்டரில் '.எம்2'வுக்குள் இருக்கும் செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல்: கம்பெனியின் உள் ரெப்பாசிட்டரி (ஜார்கள் இருக்கும் கிடங்கு) முகவரி இதில்தான். இது ஒர்க்ஸ்பேஸுக்கு வெளியே இருப்பதால் பலருக்கு ஞாபகமே வராது.

2. எது எங்கே இருக்கிறது: பட்டியல்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறங்கள். பத்திகள்: ப்ராஜெக்ட் பெயர், டிஸ்க்கில் இடம், கிட் ரெப்போ, பிராஞ்ச், ஜாவா பதிப்பு, யாருக்குத் தெரியும், முடிவு. ப்ராஜெக்ட்டைத் தேர்ந்து ஆல்ட்+என்டர் அடித்தால் ப்ராப்பர்ட்டீஸ் வரும். 'ரிசோர்ஸ்' பக்கத்தில் 'லொகேஷன்' என்பதுதான் உண்மையான இடம். அலுப்பான வேலை. ஆனாலும் இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அடுத்து வரும் எல்லா முடிவும் இந்தப் பத்தியைப் பார்த்துத்தான்.

இங்கே ஒரு பொறி. மேவன் மல்டி மாட்யூல் ப்ராஜெக்ட்டில், பேரன்ட் ஒரு ப்ராஜெக்ட்டாகவும் ஒவ்வொரு மாட்யூலும் தனி ப்ராஜெக்ட்டாகவும் திரையில் தெரியும். டிஸ்க்கிலோ மாட்யூல், பேரன்ட்டின் உள்ளே இருக்கும் ஃபோல்டர். ஒரே ஃபைல் திரையில் இரண்டு இடத்தில் தெரிவதைப் பார்த்து, 'டூப்ளிகேட்' என்று நினைத்து ஒன்றை அழிப்பவர்கள் உண்டு. அழிந்தது இரண்டும். இடம் குறித்த பத்தியில் ஒரு பாதை இன்னொன்றின் தொடக்கமாக இருந்தால், நீளமான பாதை உள்ளதை மாட்யூல் என்று குறியுங்கள்.

அறுபது ப்ராஜெக்ட் என்று பயமுறுத்துவதில் பாதி இந்த மாட்யூல்களாகவே இருக்கலாம். பேக்கேஜ் எக்ஸ்ப்ளோரருக்குப் பதில் ப்ராஜெக்ட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ மெனுவில் ப்ராஜெக்ட்ஸ் பிரசன்டேஷன் > ஹைரார்கிக்கல் தேர்ந்தெடுங்கள். மாட்யூல்கள் பேரன்ட்டுக்குள் அடங்கிவிடும். எதையும் அழிக்காமல், எதையும் மூடாமல், பட்டியல் சுருங்குவதைப் பார்க்கலாம்.

3. கமிட் ஆகாததைக் காப்பாற்றுங்கள்

ப்ராஜெக்ட் பெயருக்குப் பக்கத்தில் ரெப்போ பெயரும் பிராஞ்ச்சும் சதுர அடைப்புக்குள் தெரிந்தால் அது கிட்டில் இருக்கிறது. பெயருக்கு முன் '>' என்ற குறி இருந்தால் கமிட் ஆகாத மாற்றம் உள்ளே இருக்கிறது. பிராஞ்ச் பெயருக்குப் பின் மேல்நோக்கிய அம்புக்குறியும் ஒரு எண்ணும் இருந்தால் அத்தனை கமிட் இன்னும் புஷ் ஆகவில்லை. அந்த லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் அது இல்லை.

கிட் ரெப்பாசிட்டரீஸ் பலகத்தைத் திறந்து ஒவ்வொரு ரெப்போவிலும் 'ஸ்டாஷ்டு கமிட்ஸ்' கீழே ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டாஷ் என்பது தற்காலிகமாக ஒதுக்கி வைத்த மாற்றம்; அது புஷ் ஆகாது. ரெப்போ ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்தால் ஸ்டாஷ் திரும்பி வராது. "எல்லாம் சர்வர்ல இருக்கு" என்று சொல்பவர்கள் மறப்பது இதைத்தான்.

மாற்றங்களை உங்கள் மனப்போக்கில் மெயின் பிராஞ்ச்சில் கமிட் செய்துவிடாதீர்கள். முன்பிருந்தவர் பரிசோதனைக்காக எழுதிய பாதி வேலையாக இருக்கலாம். தேதியும் 'காப்பு' என்ற சொல்லும் பெயரில் வரும்படி ஒரு தனி பிராஞ்ச் போட்டு, அதில் கமிட் செய்து புஷ் செய்யுங்கள். டீம் லீடுக்கு ஒரு வரி மெயில் போடுங்கள். மெயில் முக்கியம், ஆறு மாதம் கழித்து "அந்த ஃபைல் எங்கே?" என்று கேட்கும்போது அதுதான் உங்கள் ஆவணம்.

பெயருக்குப் பக்கத்தில் எதுவுமே இல்லாத ப்ராஜெக்ட்டுகள் எந்த வெர்ஷன் கன்ட்ரோலிலும் இல்லை. இவற்றை ஜிப் செய்து கம்பெனி அனுமதித்த இடத்தில் மட்டும் வையுங்கள். சொந்த கூகுள் டிரைவ், பென் டிரைவ் எல்லாம் வேண்டாம். சோர்ஸ் வெளியே போனதாகக் கணக்காகிவிடும்.

4. முதல் மருந்து க்ளோஸ், டெலிட் அல்ல

பட்டியலில் 'இப்போது வேண்டாம்' என்று குறித்தவற்றை கன்ட்ரோல் அழுத்திக்கொண்டு தேர்ந்து, வலது கிளிக் > க்ளோஸ் ப்ராஜெக்ட். மூடிய ப்ராஜெக்ட் பில்ட் ஆகாது, தேடலில் வராது, மெமரியில் இடம் பிடிக்காது. டிஸ்க்கில் ஒரு பைட்டும் குறையாது. வேண்டும்போது இரட்டைக் கிளிக்கில் திறந்துவிடலாம். எக்லிப்ஸ் மந்தமாக இருக்கிறது என்ற புகாரில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரேயடியாக நாற்பதையும் மூடாதீர்கள். பத்துப் பத்தாக மூடி, ஒவ்வொரு முறையும் ப்ராப்ளம்ஸ் பலகத்தைப் பாருங்கள். மூன்று விதமான சிக்கல் வரும்.

ஒன்று: 'மிஸ்ஸிங் ரிக்வயர்டு ஜாவா ப்ராஜெக்ட்' என்ற பிழை. நீங்கள் வேலை பார்க்கும் ப்ராஜெக்ட்டின் பில்ட் பாத்தில் மூடியது இருக்கிறது என்று அர்த்தம். அதை மட்டும் மறுபடி திறங்கள். பட்டியலில் 'சார்பு' என்று குறியுங்கள்.

இரண்டாவது ஆபத்தானது, ஏனென்றால் பிழையே வராது. மேவன் ப்ராஜெக்ட்டில் 'அ' என்பது 'ஆ'வைச் சார்ந்திருக்கிறது. இரண்டும் திறந்திருந்தால் எக்லிப்ஸ் 'ஆ'வின் சோர்ஸையே நேரடியாக எடுத்துக்கொள்ளும். 'ஆ'வை மூடினால், '.எம்2' ரெப்பாசிட்டரியில் கிடக்கும் 'ஆ'வின் ஜாரை எடுத்துக்கொள்ளும். அந்த ஜார் மூன்று மாதப் பழசாக இருக்கலாம். கம்பைல் ஆகும், ஓடும், நடத்தை மட்டும் மாறியிருக்கும். இப்படிச் சார்ந்த மாட்யூலை மூடும் முன் அதில் ஒருமுறை மேவன் இன்ஸ்டால் ஓட்டிவிடுங்கள். மூடிய பின் சார்ந்திருப்பதைத் தேர்ந்து ஆல்ட்+எஃப்5 அடித்து அப்டேட் செய்யுங்கள்.

மூன்றாவது: டாம்கேட்டை ஸ்டார்ட் செய்தால் சர்வர் கான்ஃபிகரேஷனை ஏற்ற முடியவில்லை, 'சர்வர்ஸ் ப்ராஜெக்ட் இஸ் க்ளோஸ்டு' என்று வரும். 'க்ளோஸ் அன்ரிலேட்டட் ப்ராஜெக்ட்ஸ்' என்ற வசதியைப் பயன்படுத்தியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அது, தேர்ந்தெடுத்த ப்ராஜெக்ட்டோடு தொடர்பில்லாத எல்லாவற்றையும் மூடும். எந்த ஜாவா ப்ராஜெக்ட்டும் 'சர்வர்ஸ்' ஃபோல்டரைச் சார்ந்து இல்லாததால் அதையும் சேர்த்து மூடிவிடும். 'சர்வர்ஸ்' ப்ராஜெக்ட்டைத் திறந்தால் போதும். டாம்கேட்டை மறுபடி நிறுவ வேண்டியதில்லை.

மூடியவை கண்ணை உறுத்தினால் பேக்கேஜ் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபில்டர்ஸ் திறந்து 'க்ளோஸ்டு ப்ராஜெக்ட்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள், மறைந்துவிடும். மறைத்ததை மறந்துவிட்டு அதே ப்ராஜெக்ட்டை இம்போர்ட் செய்யப் போனால், 'சில ப்ராஜெக்ட்டுகள் ஏற்கெனவே ஒர்க்ஸ்பேஸில் இருப்பதால் இம்போர்ட் செய்ய முடியாது' என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வரும். அது வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த ஃபில்டர்தான்.

5. மிச்சமிருப்பதை ஒர்க்கிங் செட்டாகப் பிரியுங்கள்

இப்போது பதினைந்து இருபது ப்ராஜெக்ட் திறந்திருக்கும். பேக்கேஜ் எக்ஸ்ப்ளோரர் வியூ மெனு > டாப் லெவல் எலிமென்ட்ஸ் > ஒர்க்கிங் செட்ஸ். முதல் முறையானால் எந்தெந்த செட் என்று கேட்கும். நியூ > ஜாவா தேர்ந்து பெயர் கொடுத்து, ப்ராஜெக்ட்டுகளை அதில் சேருங்கள். பிறகு சேர்க்க வேண்டுமானால் ப்ராஜெக்ட் மேல் வலது கிளிக் > அசைன் ஒர்க்கிங் செட்ஸ்.

நான்கிலிருந்து ஆறு செட் போதும். 'நான் பார்ப்பது', 'பொது லைப்ரரி', 'சர்வர், கான்ஃபிக்', 'மூடியவை' என்ற அளவில் வையுங்கள். ஆள் பெயரில் செட் வைப்பது வீண். ஆள் மாறுவார், பெயர் நிற்கும். ஒரு ப்ராஜெக்ட் இரண்டு செட்டிலும் இருக்கலாம், டிஸ்க்கில் எதுவும் நகராது. எதிலும் சேராதவை 'அதர் ப்ராஜெக்ட்ஸ்' என்பதன் கீழ் வந்து நிற்கும். அது காலியாக இருக்கிறதா என்பதுதான் உங்கள் பரிசோதனை.

செட்டை அழித்தால் ப்ராஜெக்ட் அழியாது. ஆனால் 'செலக்ட் ஒர்க்கிங் செட்' என்பது வேறு: அது ஃபில்டர். தேர்ந்த செட்டைத் தவிர மற்றது திரையிலிருந்து மறைந்துவிடும். "ப்ராஜெக்ட் காணோம்" என்று பதறுபவர்கள் முதலில் 'டிசெலக்ட் ஒர்க்கிங் செட்' அழுத்திப் பார்ப்பது நல்லது.

6. தனி ஒர்க்ஸ்பேஸ் எப்போது?

ஒவ்வொரு கிட் பிராஞ்ச்சுக்கும் ஒரு ஒர்க்ஸ்பேஸ் போடுவது வேண்டாத வேலை. க்ளையன்ட் வேறு, ஃபார்மேட்டர் வேறு, ஜாவா பதிப்பும் சர்வரும் வேறு என்றால் தனி ஒர்க்ஸ்பேஸ் போடுங்கள். ஜாவா பதிப்பு மட்டும் வேறு என்றால் தேவையில்லை. இன்ஸ்டால்டு ஜேஆர்ஈஸ் பக்கத்தில் இரண்டு ஜேடிகேயையும் சேர்த்து, எக்சிக்யூஷன் என்விரான்மென்ட்ஸில் பொருத்திவிட்டால் ஒரே ஒர்க்ஸ்பேஸில் இரண்டும் ஓடும்.

புதிதாகப் போடும்போது ஃபைல் > ஸ்விட்ச் ஒர்க்ஸ்பேஸ் > அதர் போய், கீழே 'காப்பி செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து வேண்டியதை டிக் செய்யுங்கள். திரை அமைப்பையும் ஒர்க்கிங் செட்டையும் கொண்டுபோக இதுதான் எளிய வழி. ஒர்க்கிங் செட் 'இபிஎஃப்' ஃபைலில் வராது.

ஃபோல்டர் எங்கே வைப்பது? கிட் ரெப்போக்களை ஒர்க்ஸ்பேஸுக்குள் வைக்காதீர்கள். ஹோம் ஃபோல்டரில் 'கிட்' என்று ஒன்று, 'ஒர்க்ஸ்பேஸ்' என்று ஒன்று, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். எக்லிப்ஸின் கிட் ப்ளகின் இயல்பாகவே ஹோமில் 'கிட்' ஃபோல்டரைத்தான் எடுத்துக்கொள்கிறது. அப்படிப் பிரித்து வைத்தால் ஒர்க்ஸ்பேஸ் கெட்டுப்போனாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட பயமிருக்காது. ஒன்டிரைவ் போல தானாக சிங்க் ஆகும் ஃபோல்டரிலும் நெட்வொர்க் டிரைவிலும் ஒர்க்ஸ்பேஸ் வேண்டவே வேண்டாம். '.மெட்டாடேட்டா'வில் ஃபைல்கள் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும்; சிங்க் அதோடு மல்லுக்கட்டும்.

இம்போர்ட் செய்யும்போது, மேவன் ப்ராஜெக்ட்டுக்கு 'எக்சிஸ்டிங் மேவன் ப்ராஜெக்ட்ஸ்', மற்றதற்கு ஜெனரலின் கீழ் 'எக்சிஸ்டிங் ப்ராஜெக்ட்ஸ் இன்டு ஒர்க்ஸ்பேஸ்'. இரண்டாவதில் 'காப்பி ப்ராஜெக்ட்ஸ் இன்டு ஒர்க்ஸ்பேஸ்' என்ற கட்டம் இருக்கும். அது டிக் ஆகாமல் இருக்கட்டும். டிக் ஆகியிருந்தால் சோர்ஸுக்கு இன்னொரு நகல் உருவாகி, நீங்கள் ஒரு நகலில் திருத்த, கிட் இன்னொரு நகலைப் பார்த்துக்கொண்டிருக்கும். 'பில்லிங்_பழசு'க்களில் பல இப்படிப் பிறந்தவைதான்.

இம்போர்ட்டுக்கு முன்பே இரண்டு செட்டிங்: மேவன் > யூசர் செட்டிங்ஸ் பக்கத்தில் உங்கள் செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல் பாதை, ஜெனரல் > ஒர்க்ஸ்பேஸ் பக்கத்தில் டெக்ஸ்ட் ஃபைல் என்கோடிங் யூடிஎஃப்-8. 2022 நடுவில் வந்த பதிப்பிலிருந்து புது ஒர்க்ஸ்பேஸ்கள் தாமாகவே யூடிஎஃப்-8 எடுத்துக்கொள்கின்றன. அதற்கு முந்தையவை விண்டோஸில் வேறு என்கோடிங்கில் இருக்கும். எஸ்எம்எஸ் டெம்ப்ளேட், ரசீது என்று சோர்ஸில் தமிழ் எழுத்து இருக்கும் ப்ராஜெக்ட்டை அதில் திறந்தால் எழுத்து உடைந்து தெரியும். அப்படியே ஏதாவது திருத்தி சேவ் செய்துவிடாதீர்கள்.

இரண்டு ஒர்க்ஸ்பேஸை ஒரே நேரத்தில் திறப்பவர்கள், அதே ஜெனரல் > ஒர்க்ஸ்பேஸ் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்தால் ஜன்னல் தலைப்பில் தெரியும். தப்பான ஜன்னலில் திருத்திவிட்டு "ஏன் மாறவே இல்லை" என்று உட்கார வேண்டியதில்லை.

7. தேடலிலும் பிழைப் பட்டியலிலும் இருக்கும் குப்பை

ப்ராப்ளம்ஸ் பலகம் இயல்பாக எல்லா ப்ராஜெக்ட்டின் பிழையையும் ஒன்றாகக் கொட்டும்; நூறோடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் பிழை நூற்றியோராவதாக இருந்தால் கண்ணில் படாது. வியூ மெனு > ஃபில்டர்ஸ் போய், தேர்ந்த ப்ராஜெக்ட் அளவுக்கோ உங்கள் ஒர்க்கிங் செட் அளவுக்கோ சுருக்குங்கள்.

'லிஸ்ட்' என்று அடித்தால் ஒவ்வொரு முறையும் 'ஜாவா.ஏடபிள்யூடி.லிஸ்ட்' குறுக்கே வருகிறதா? ஜாவா > அப்பியரன்ஸ் > டைப் ஃபில்டர்ஸ் பக்கத்தில் 'ஜாவா.ஏடபிள்யூடி'யைச் சேர்த்துவிடுங்கள். சர்வர் பக்க வேலைக்கு அது தேவைப்படுவது அரிது.

எடிட்டர் டேப்கள் பெருகுவதை ஜெனரல் > எடிட்டர்ஸ் பக்கத்தில் 'க்ளோஸ் எடிட்டர்ஸ் ஆட்டோமேட்டிக்கலி' கட்டுப்படுத்தும். பத்துப் பன்னிரண்டு என்று வையுங்கள். பலகங்கள் கண்டபடி நகர்ந்து கிடந்தால் விண்டோ > பர்ஸ்பெக்டிவ் > ரீசெட்.

8. டிஸ்க் இடம்

எக்லிப்ஸை மூடிவிட்டு '.மெட்டாடேட்டா'வுக்குள் '.ப்ளகின்ஸ்' ஃபோல்டரை அளவு வாரியாகப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று இடங்கள் பருத்திருக்கும்.

'கோர்.ரிசோர்சஸ்' என்று முடியும் ஃபோல்டருக்குள் '.ஹிஸ்டரி': நீங்கள் சேவ் செய்த ஒவ்வொரு முறையின் நகல். இயல்பான வரம்பு 7 நாள், ஃபைலுக்கு 50 பதிவு, 1 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலுக்கு நகல் இல்லை. யாரோ வரம்பை எடுத்துவிட்டிருந்தால் வளர்ந்துகொண்டே போகும். ஜெனரல் > ஒர்க்ஸ்பேஸ் > லோக்கல் ஹிஸ்டரி பக்கத்தில் திரும்ப வையுங்கள். வைத்தவுடன் குறையாது, எக்லிப்ஸை முறையாக மூடும்போதுதான் பழையவை கழிக்கப்படும். டாஸ்க் மேனேஜரில் கொல்லும் பழக்கம் இருந்தால் இது நடக்கவே நடக்காது. கமிட் செய்ய மறந்து அழித்த ஃபைலை மீட்க இதுதான் கடைசிப் புகலிடம் என்பதால், மூன்றாம் படி முடியாமல் இதைக் கையால் அழிக்காதீர்கள்.

'டபிள்யூஎஸ்டி.சர்வர்.கோர்' என்று முடிவதற்குள் 'டிஎம்பி0', 'டிஎம்பி1' என்று ஃபோல்டர்கள்: டாம்கேட்டுக்காகப் பப்ளிஷ் செய்த நகல்கள். சர்வரில் வலது கிளிக் செய்து 'க்ளீன்' கொடுத்தால் நடப்பிலுள்ளது புதுப்பிக்கப்படும். சர்வர்ஸ் பலகத்தில் இப்போது இல்லாத சர்வருக்குச் சொந்தமான ஃபோல்டர்களை மட்டும் நீக்கலாம். ஆனால் அப்லோட் செய்த படங்கள், பதிவுகள் ஏதாவது அதற்குள் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

'ஜேடிடி.கோர்' என்று முடிவது: தேடலுக்கான இண்டெக்ஸ். அழிந்தாலும் எக்லிப்ஸ் மறுபடி கட்டிக்கொள்ளும். அன்று காலை மட்டும் மெதுவாக இருக்கும்.

'.எம்2' ரெப்பாசிட்டரி ஒர்க்ஸ்பேஸுக்குச் சேர்ந்ததல்ல, எல்லாவற்றுக்கும் பொது. இடம் பிடிக்கிறதே என்று முழுதாக அழித்தால், உள் ரெப்பாசிட்டரியில் இப்போது இல்லாத பழைய ஜார் எதையாவது இழக்க நேரலாம்.

9. மெமரி

எக்லிப்ஸ்.ஐஎன்ஐ ஃபைலில் 'எக்ஸ்எம்எக்ஸ்' அளவை (எக்லிப்ஸ் எடுத்துக்கொள்ளும் ஹீப் மெமரியின் மேல் வரம்பை) மாற்றுவதை இந்த இடத்துக்குத் தள்ளி வைத்ததற்குக் காரணம், பெரும்பாலோர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். நாற்பது ப்ராஜெக்ட்டை மூடிய பிறகும் மந்தமாக இருந்தால் மட்டும் கை வையுங்கள். ஜெனரல் பக்கத்தில் 'ஷோ ஹீப் ஸ்டேட்டஸ்' டிக் செய்து அரை நாள் பாருங்கள். மேல் வரம்பை அடிக்கடி தொட்டால் கூட்டலாம்: 8 ஜிபி லேப்டாப்பில் 2 ஜிபிக்கு மேல் கொடுக்க வேண்டாம், டாம்கேட்டுக்கும் பிரவுசருக்கும் இடம் வேண்டும். 16 ஜிபி என்றால் 4 வரை போகலாம்.

அந்த ஃபைலில் ஒரு வரிக்கு ஒரு விஷயம்தான். 'விஎம்' என்பது ஒரு வரி, அதன் பாதை அடுத்த வரி, இரண்டும் 'விஎம்ஆர்க்ஸ்' வரிக்கு மேலே. இது பிசகினால் எக்லிப்ஸ் திறக்காது, அல்லது நீங்கள் எழுதியதைக் கண்டுகொள்ளாது.

10. கடைசியாக டெலிட்

மூடி வைத்த ப்ராஜெக்ட்டை ஒரு மாதம் யாரும் கேட்கவில்லை, பட்டியலில் 'புஷ் ஆகிவிட்டது' என்று இருக்கிறது என்றால் இப்போது நீக்கலாம். டெலிட் அழுத்தினால் வரும் பெட்டியில் 'டெலிட் ப்ராஜெக்ட் கன்டென்ட்ஸ் ஆன் டிஸ்க்' என்று ஒரு கட்டம். டிக் இல்லாமல் ஓகே கொடுத்தால் எக்லிப்ஸின் பட்டியலிலிருந்து மட்டும் போகும். ஃபைல்கள் இருந்த இடத்தில் இருக்கும். டிக் செய்து கொடுத்தால் ஃபைல்களே போகும், மீட்க முடியாது. பக்கத்திலேயே அப்படித்தான் எழுதியும் இருக்கிறது. எப்போதும் டிக் இல்லாமலே நீக்குங்கள். டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டரைப் பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் போய், பாதையைப் பார்த்து, தனியாக நீக்கிக்கொள்ளலாம்.

வழியில் ஏதாவது நின்றுபோனால்

'ஒர்க்ஸ்பேஸ் இன் யூஸ்' என்று வந்தால் வேறொரு எக்லிப்ஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது; டாஸ்க் மேனேஜரில் ஜாவா ப்ராசஸைப் பாருங்கள். எதுவும் ஓடவில்லை என்று உறுதியான பிறகே '.மெட்டாடேட்டா'வில் இருக்கும் '.லாக்' ஃபைலை நீக்குங்கள். பெயர் ஒலிப்பில் ஒன்றாக இருந்தாலும் பிழைப் பதிவு ஃபைல் வேறு; பூட்டு ஃபைல் காலியாக இருக்கும், பதிவு ஃபைலில் எழுத்து இருக்கும். திறப்பதிலேயே தொங்கினால் அந்தப் பதிவின் கடைசிச் சில வரிகளில் காரணம் இருக்கும்.

திரை வெறுமையாகவோ பலகங்கள் உடைந்தோ திறந்தால், 'க்ளியர்பெர்சிஸ்டட்ஸ்டேட்' என்ற ஆர்க்யூமென்ட்டுடன் ஒருமுறை தொடங்குங்கள். திரை அமைப்பு மட்டும் முதல் நிலைக்குப் போகும், ப்ராஜெக்ட்டுகள் அப்படியே இருக்கும்.

புதிய பதிப்பு எக்லிப்ஸில் பழைய ஒர்க்ஸ்பேஸைத் திறக்கும்போது, இதைப் புதுப்பிக்கட்டுமா என்று கேட்கும். ஒப்புக்கொண்டால் பழைய எக்லிப்ஸில் அது சரியாகத் திறக்கும் என்று நம்ப முடியாது. டீமில் எல்லோரும் எந்தப் பதிப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, முதல் படியில் எடுத்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஓகே கொடுங்கள்.